டைல்ஸில் படிந்த கரியை நீக்குவது எப்படி?

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் வெட்டிப் போட்டதிலிருந்து கிடைத்தது. இதில் உருப்படியாக இருக்கும் பகுதியை எழுதியவர் ஒரு பெண். அதை நான் ஒரு காலை வேளையில், அலுவலகத்தில், ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டே ஒன்றரை நிமிடத்தில் ஐந்து சொற்களாக ஆக்கினேன். அந்த ஐந்தும்தான் மேலே தலைப்பாக நிற்கின்றன. தலைப்புக்குக்கூட புதிதாக உழைக்கவில்லை என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

இணையத்தில் ஒரு கேள்வி பதில் தளம் இருக்கிறது. தெரியாதவர் கேட்கலாம், தெரிந்தவர் சொல்லலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது. அதன் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் நான் ஏழு வருடங்களாகத் திருத்துநர். மற்றவர்கள் வளவளவென்று எழுதுவதைச் சுருக்கி, தேடுகிறவர் கண்ணில் படும்படி செய்வது என் வேலை. அங்கே என் பெயர் கத்தரி. நானே வைத்துக்கொண்டது. [வெட்டியது: அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்த நாளில் எனக்கு இருந்த பெருமையைப் பற்றி நான்கு வரிகள்.]

மக்கள் எப்படி எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. "அனைவருக்கும் வணக்கம், நான் புதியவன், பிழை இருந்தால் பொறுத்தருளவும்" என்று ஆரம்பிப்பார்கள். மாமனாரின் முழங்கால் வரும். மாடி வீட்டுக்காரரோடு போட்ட சண்டை வரும். மூத்த மகன் படிக்கும் படிப்பு வரும். வாசிப்பவன் உயிரை விடப்போகும் நேரத்தில், குழாய் சொட்டுகிறது என்பார்கள். ஒரு வாஷர் மாற்றுவதற்கு மூன்று தலைமுறைக் கதை.

பகலில் எனக்குக் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் வேலை. நான்கு பக்கக் கடிதத்தில் ஒருவர் தன் வீட்டின் அத்தனை துக்கத்தையும் கொட்டியிருப்பார். நான் பதிவேட்டில் எழுதுவது: "குழாயில் நீர் வரவில்லை." பத்தொன்பது வருடம் இப்படி எழுதிய கை இது. வீட்டில் சும்மா இருக்கச் சொன்னால் இருக்குமா?

என் முறையையும் சொல்லிவிடுகிறேன், கதைக்கு அது வேண்டும். நான் எந்தப் பதிவையும் முதல் வரியிலிருந்து படிப்பதில்லை. கண்ணை ஓட்டி முதல் கேள்விக்குறியைத் தேடுவேன். கிடைத்ததும் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொள்வேன். மேலே இருப்பது முன்கதை, கீழே இருப்பது நன்றியும் புலம்பலும். இரண்டையும் எடுத்துவிடுவேன். புதிய திருத்துநர்களுக்காகத் தளத்தில் ஒரு வழிகாட்டி உண்டு. அதில் "கேள்விக்குறி முறை" என்றொரு பகுதி இருக்கிறது. எழுதியவன் நான்.

2

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். ஒளிக்காமல் தருகிறேன்.

முதலாவது: "அவள் வெந்நீர்க் குழாயைத் திறந்தாள். சுவரில் மாட்டியிருந்த ஹீட்டருக்குள் 'பக்'கென்று தீ பிடித்துக்கொண்டது. அவள் நெற்றியில்"

நெற்றியில் என்ன என்று எனக்குத் தெரியாது. அவரை நான் பார்த்ததே இல்லை. வியர்வை என்றோ சுருக்கம் என்றோ எதையாவது போட்டு நிரப்புவதற்குக் கை கூசியது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூசியது என்றும் சொல்லலாம்.

இரண்டாவது: "ஒரு சமூகத்தின் அறிவு அதன் சொற்சிக்கனத்தில் இருக்கிறது என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். ஆனால் சிக்கனம் என்பது எதை விடுவது என்ற அதிகாரமும்தான் என்பதை"

இதைப் படித்து எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாவது: "அன்று வானம்"

மூன்றையும் என் மனைவியிடம் காட்டினேன். அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறாள். ஊசி ஏறும்போது பயத்தில் மனிதர்கள் எதை எதையோ பேசுவார்கள். நாள் முழுக்க அதையெல்லாம் கேட்டுவிட்டு வருகிறவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"அந்தப் பொம்பளை எங்க?" என்றாள்.

"வருவாங்க. தொடக்கம்தான் பிடிபட மாட்டேங்குது."

"ஊர்ல இருக்கறவங்க முன்கதை சொன்னா வெட்டுவீங்க. உங்களுக்கு மட்டும் மூணு முன்கதையா?"

"அது வேற, இது கதை."

"அவங்களும் கதைதான் சொன்னாங்க. நீங்கதான் கேக்கல" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

3

நடந்தது இது.

புதியவர் ஒருவர், தளத்தில் அவர் பெயர் மொட்டைமாடி, ஒரு பக்கத்துக்கு மேல் போகும் ஒரு பதிவைப் போட்டிருந்தார். பத்தியாகப் பிரிக்கத் தெரியாமல் பிரித்திருந்தார். "எல்லாருக்கும் வணக்கம்" என்ற முதல் இரண்டு சொற்களைப் பார்த்ததுமே எனக்குச் சலித்துவிட்டது. கண்ணை ஓட்டினேன். முக்கால்வாசியில் கேள்விக்குறி தட்டுப்பட்டது. பிடித்தேன், மேலும் கீழும் வெட்டினேன், பேச்சு நடையை ஒழுங்குபடுத்தினேன். டைல்ஸில் படிந்த கரியை நீக்குவது எப்படி? "சுத்தம் செய்தல்" என்ற வகையில் போட்டுவிட்டுத் தேநீர்க் கோப்பையைக் கழுவப் போனேன்.

(பக்கக் குறிப்பு: தளத்தில் எதுவும் அழிவதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் ஒரு வரலாற்றுப் பக்கம் இருக்கும். வெட்டிய வரிகளெல்லாம் அங்கே சிவப்புக் கோடு இழுக்கப்பட்டுக் கிடக்கும். யாரும் போய்ப் பார்ப்பதில்லை. நானும்தான்.)

அன்று மாலைக்குள் ஏழு பதில்கள் வந்துவிட்டன. வினிகரும் சமையல் சோடாவும் கலந்து பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்க்கச் சொன்ன பதில் முதலிடத்துக்கு ஏறியது. நல்ல பதில். சுருக்கமான பதில். அந்த மாதத்தின் சிறந்த திருத்தங்கள் பட்டியலில் என் திருத்தமும் வந்தது. மொட்டைமாடி ஆறு நாள் கழித்துக் கீழே ஒரு பின்னூட்டம் எழுதியிருந்தார்: "சொன்ன மாதிரியே செஞ்சேன், பளபளன்னு ஆயிடுச்சு, நாளைக்கு எங்க அக்கா வர்றா, இப்ப எனக்கு பயமே இல்ல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி."

நன்றிப் பின்னூட்டங்களைத் தளத்தில் வைத்திருப்பதில்லை. இடத்தை அடைக்கும். நீக்கினேன்.

4

இரண்டு மாதமும் சில நாட்களும் கழிந்தன. [வெட்டியது: அந்த இரண்டு மாதங்களில் நான் திருத்திய மற்ற பதிவுகள் பற்றிய ஒரு பத்தி. அதில் என்னை நான் கொஞ்சம் நல்லவனாகக் காட்டியிருந்தேன்.]

யாரோ ஒருவர் சமையலறைச் சுவரில் கரி என்று புதிதாக ஒரு கேள்வி போட, இது ஏற்கெனவே கேட்கப்பட்டது என்று யாரோ அதை மூடி, மொட்டைமாடியின் ஐந்து சொற்களுக்கு வழி காட்டியிருக்கிறார்கள். அந்த வழியே ஸ்பேனர் என்ற பெயருள்ள ஒருவர் வந்து சேர்ந்தார். ஹீட்டர், அடுப்பு பழுது பார்க்கிறவர். யாரும் போகாத வரலாற்றுப் பக்கத்துக்கு அவர் போயிருக்கிறார். திரும்பி வந்து ஒரு பின்னூட்டம் போட்டார்:

"இதை வெட்டினவர் தயவுசெய்து முதல் வடிவத்தைத் திறந்து முழுசாப் படிக்கணும். படிச்சிட்டு அந்த வீட்டுக்காரங்களை உடனே ஹீட்டரை நிறுத்தச் சொல்லணும்."

அந்தப் பின்னூட்டம் பிறகு நீக்கப்பட்டது. [இந்த வரிக்குத் திரும்ப வருவேன்.]

வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தேன். மேலிருந்து கீழ் வரை சிவப்புக் கோடுகள். நடுவில் ஐந்து சொற்களின் சாயல் மட்டும் கோடில்லாமல் இருந்தது. கோட்டுக்கு அடியில் எழுத்துகள் தெளிவாகத்தான் தெரிந்தன. ஏழு வருடத்தில் முதல் தடவையாக ஒரு பதிவை "எல்லாருக்கும் வணக்கம்" என்பதிலிருந்து படித்தேன். படித்து முடித்தபோது பக்கத்து மேசைக்காரர், "என்ன சார், முகம் வெளுத்துப் போச்சு?" என்று கேட்டார்.

5

இந்த இடத்தில் எனக்கு ஸ்பேனர் மேல் சந்தேகம் வந்தது. மனிதர் மேல் இல்லை, பாத்திரத்தின் மேல். கதையில் இவ்வளவு சரியாகப் பேசுகிற ஒருவர் வந்தால் வாசகர் நம்ப மாட்டார். அதனால் ஒரு வரைவில் அவருக்குக் கொஞ்சம் குடிப்பழக்கம் வைத்தேன். இன்னொன்றில் வாடிக்கையாளரை ஏமாற்ற வைத்தேன். பிறகு வெட்கமாகிவிட்டது. தப்புச் செய்தவன் நான், குறையைச் சுமக்கிறவர் அவரா? எடுத்துவிட்டேன். அவர் எப்படிப் பேசினாரோ அப்படியே இருக்கட்டும்.

அவருடைய பக்கத்தில் கடையின் தொலைபேசி எண் இருந்தது. மதிய இடைவேளையில், அலுவலகத்தின் பின் படிக்கட்டில் நின்று கூப்பிட்டேன்.

"வணக்கம், நான் கத்தரி பேசறேன்" என்றேன். நாற்பத்தெட்டு வயதில் ஒருவன் தன்னை இப்படி அறிமுகப்படுத்திக்கொள்வது எவ்வளவு கேவலம் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுமுனையில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"படிச்சீங்களா சார்?" என்றார்.

"படிச்சேன்."

"கடைசி வரி வரைக்கும்?"

"படிச்சேன்னு சொல்றேனே."

"நீலமா எரிய வேண்டிய தீ மஞ்சளா எரியுதுன்னு எழுதியிருக்காங்க. மாமியார் குளிச்சிட்டு வந்து கதவுகிட்ட உக்காந்துட்டாங்கன்னு எழுதியிருக்காங்க. ஜன்னலை அடைச்சதை எழுதியிருக்காங்க. மேல கரி. இதையெல்லாம் ஒருத்தன் சேத்துப் படிச்சா போதும் சார். அது டைல்ஸ் பிரச்சினையே கிடையாது. ஹீட்டர் சரியா எரியல, அந்த ரூம்ல விஷ வாயு நிக்குது. அதுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். தூங்கிட்டா அவ்வளவுதான்."

"நீங்க அப்பவே பாத்துச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

[இந்த வரியை வெட்டிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் சொன்னதுதான், இருக்கட்டும்.]

இரும்புச் சத்தம் நின்றது. தட்டிக்கொண்டிருந்தவர் அவரேதான் போலிருக்கிறது.

"நான் தினமும் கடையைத் திறக்கறதுக்கு முன்னாடி தளத்துல 'ஹீட்டர்'னு அடிச்சுத் தேடுவேன். ஒரு நாள் விட்டதில்ல. என்னென்ன வந்திருக்கோ எல்லாத்துக்கும் பதில் போட்டுட்டுதான் ஷட்டரைத் தூக்குவேன். அந்தம்மா ஹீட்டர்னு ஏழு எடத்துல எழுதியிருக்காங்க. எண்ணிப் பாத்தேன். உங்க அஞ்சு சொல்லுல அது ஒரு தடவைகூட இல்ல சார்."

நான் ஒரு படி கீழே இறங்கி நின்றேன்.

"சரி, அதை விடுங்க. விலாசம் ஏதாவது தெரியுமா? இப்ப எப்படி இருக்காங்கன்னாவது தெரியுமா?"

தெரியாது என்றேன்.

6

தளத்தில் மொட்டைமாடியின் பெயருக்குக் கீழே அவர் கடைசியாக வந்த தேதி இருக்கிறது. அக்கா நாளைக்கு வருகிறாள் என்று எழுதினாரே, அந்த நாள். அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. நான் அனுப்பிய செய்திகள் படிக்கப்படாமல் கிடக்கின்றன. முதல் செய்தியைச் சுருக்கமாக எழுதினேன். நாலாவது செய்தி இரண்டு பக்கம் வந்தது.

எங்கள் பிரிவின் தலைவரை எல்லோரும் வாத்தியார் என்போம். அவரைக் கூப்பிட்டு, உறுப்பினர் பதிந்த மின்னஞ்சலைக் கேட்டேன்.

"அதெல்லாம் குடுக்கக் கூடாது தம்பி, விதி இருக்கு" என்றார். "நீங்க எதுக்கு இப்படி அல்லாடுறீங்க? உங்க திருத்தத்துல ஒரு குத்தமும் இல்லையே. அச்சு மாதிரி இருக்கு."

"ஆளு உயிரோட இருக்காங்களான்னு தெரியல சார்."

"தளத்துக்கு வராம போறவங்க ஆயிரம் பேரு. கேள்விக்குப் பதில் கிடைச்சிருச்சு, போயிட்டாங்க. நல்லதுதானே?" என்று சிரித்தார். நல்ல மனிதர். ஏழு வருடமாக அவரிடம் நான் திட்டு வாங்கியதே இல்லை.

என்னால் முடிந்த ஒன்றைச் செய்தேன். மொட்டைமாடியின் பழைய பதிவை முழுசாக மீட்டு வைத்தேன். நாற்பது நிமிடத்தில் வேறொரு திருத்துநர் அதைத் திரும்ப ஐந்து சொற்களாக்கினார். காரணம் என்ற இடத்தில், "கேள்விக்குறி முறை, வழிகாட்டியைக் காண்க" என்று எழுதியிருந்தார். மறுபடி மீட்டேன். மறுபடி வெட்டினார். மூன்றாவது முறை, வீண் வம்பு செய்வதாக எனக்கே எச்சரிக்கை வந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் பழைய வடிவத்தைத் தாளில் எடுத்துத் தரச் சொன்னாள். பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படித்தாள்.

"நாலாவது மாடி. கீழ மூக்குக்கண்ணாடிக் கடை. பஸ் திரும்புற முனை" என்றாள். "எனக்கு இந்தக் கண்ணாடி வாங்கினோமே, அந்தக் கடை எங்க இருக்கு?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அதுதான்னு சொல்லல. இருக்கலாம். போய்ப் பாத்தாத்தானே தெரியும்? அவங்க எல்லாத்தையும் சொல்லித்தான் இருக்காங்க. வீட்டுக்கு வழிகூடச் சொல்லியிருக்காங்க."

"சனிக்கிழமை போறேன்."

"இன்னைக்கு ஏன் போகக் கூடாது?"

"சனிக்கிழமை போறேன்னு சொல்றேன்ல?"

அன்று செவ்வாய்க்கிழமை. இதையும் வெட்டாமல் விடுகிறேன்.

7

சனிக்கிழமை பிற்பகல் போனேன். பேருந்து அந்த முனையில் திரும்பும்போது பின்பக்கம் நடைபாதையில் ஏறி இறங்கியது. கடைக்காரர் வாசல் பக்க மேசையில் உட்கார்ந்து, சின்னக் குறடால் ஒரு கண்ணாடியின் மூக்குத் தாங்கியை வளைத்துக்கொண்டிருந்தார். வழுக்கைத் தலை, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, கழுத்தில் தொங்கும் இன்னொரு கண்ணாடி.

"மேல நாலாவது மாடியில ஒரு குடும்பம்… மாமியார், மருமகள்…" என்று இழுத்தேன்.

"அவங்களா? நீங்க சொந்தமா?"

"தெரிஞ்சவங்க."

"அது பெரிய கதை சார். உக்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளினார். "அந்தப் பெரியம்மாவுக்கு கண்ணாடி போட்டுக் குடுத்ததே நான்தான். எடது கண்ணுல பொரை. மகன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா, ஆபரேஷன் பண்ணிடுங்கன்னு? காதுலயே போட்டுக்கல. மருமக தங்கமான பொண்ணு. என்ன, பேச ஆரம்பிச்சா நிறுத்தாது. கீழ எறங்கி வந்துச்சுன்னா, வாங்க வந்த சாமானை மறந்துட்டு இங்க அரை மணி நேரம் நிக்கும். நானும் ஒரு ஓட்டைவாய்தான், கேட்டுக்கிட்டிருப்பேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அதோட அக்கா வந்திருந்தாங்க. பொட்டி படுக்கையோட. எறங்கினதுமே, என்ன சார் உங்க கடை போர்டுல இவ்வளவு தூசின்னு எனக்கே ஒரு அதட்டல். மறுநாள் காலையில நான் அப்பதான் கடையைத் திறக்கறேன். வெயில் வந்துடுச்சு, அந்தப் பக்கம் பஸ்காரனுக்கும் ஆட்டோக்காரனுக்கும் ஏதோ தகராறு, ஒரே கூட்டம். அந்த நேரம் பாத்து மேலேர்ந்து அந்த அக்கா—"

எனக்குப் பொறுக்கவில்லை. பேருந்துத் தகராறு எதற்கு? தூசி எதற்கு? அவர் பேச்சில் நான் கேள்விக்குறியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"சார், சுருக்கமா சொல்லுங்க. இப்ப மேல குடியிருக்காங்களா?"

அவர் குறடைக் கீழே வைத்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி என்னை ஒரு முறை பார்த்தார்.

"காலி பண்ணிட்டாங்க" என்றார்.

"எப்ப?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

"அந்த அக்கா… மேலேர்ந்து…?"

"சுருக்கமா கேட்டீங்க, சுருக்கமா சொல்லிட்டேன் சார்." அதற்குள் ஒரு பெண் குழந்தையோடு உள்ளே வந்தார். கடைக்காரர் எழுந்து அவர் பக்கம் போய்விட்டார். குழந்தைக்கு எதிரே நின்று, எத்தனை வயசு, எந்தப் பள்ளிக்கூடம், படிக்கும்போது தலை வலிக்குதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் வெளியே வந்து பக்கச் சந்தில் நின்று மேலே பார்த்தேன். நாலாவது மாடியில் ஒரு சின்ன ஜன்னல். திறந்திருந்தது. அதை யார் திறந்தார்கள், எதற்கு முன்னால் திறந்தார்கள், எதற்குப் பின்னால் என்பதெல்லாம் சந்தில் நின்று பார்த்தால் தெரியாது.

8

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்று. அக்கா வந்து இறங்கிய மறுநாள் காலை குளியலறைக்குள் போகிறாள். டைல்ஸ் பளபளக்கிறது. குறை சொல்ல வேறு ஏதாவது வேண்டுமே என்று கண் தேடுகிறது. ஜன்னலில் ஒட்டிய அட்டை படுகிறது. "இது என்ன கண்றாவி?" என்று கிழித்து எறிகிறாள், மேலேயிருந்து சத்தம் போட்டு, ஹீட்டர் பார்க்கிற ஆளைக் கூப்பிடச் சொல்கிறாள். எல்லோரும் பிழைக்கிறார்கள். வீடு ராசியில்லை என்று காலி செய்கிறார்கள். மொட்டைமாடிக்கு இப்போது வேறு வீடு, வேறு ஜோலி, தளத்தின் நினைப்பே இல்லை. இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே இதை நான் நம்புவதில்லை.

இரண்டு. அக்கா மேலேயிருந்து

இதை எழுத மாட்டேன்.

மூன்று. நான் கடைக்குத் திரும்பப் போகிறேன். ஸ்டூலில் உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்டு, முதலிலிருந்து சொல்லுங்கள் என்கிறேன். அவர் தூசி, தகராறு, கூட்டம் எல்லாவற்றையும் சொல்லி, நடந்ததையும் சொல்கிறார்.

"இந்த மூணாவது நல்லா இருக்கு" என்றாள் மனைவி. "எப்ப போறீங்க?"

நான் தாளை மடித்து வைத்தேன்.

"போக மாட்டீங்க. காலி பண்ணிட்டாங்கங்கிற ரெண்டு சொல்லு உங்களுக்கு வசதியா இருக்கு. அதைப் பிடிச்சுக்கிட்டே காலத்தை ஓட்டிடுவீங்க" என்றாள். "நான் போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

"வேணாம்."

அவள் அதற்குப் பிறகு இதைப் பற்றிப் பேசவில்லை. மற்றதைப் பற்றியும் குறைத்துக்கொண்டுவிட்டாள். முன்பெல்லாம் சாயங்காலம் வந்ததும் அன்று யார் யாருக்கு ரத்தம் எடுத்தாள், யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லிக்கொண்டே காய் நறுக்குவாள். இப்போது எப்படிப் போச்சு என்று கேட்டால், "போச்சு" என்கிறாள். எனக்கு வலிக்கிறது. வலிக்கிறது என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் தெரியவில்லை.

இப்போது நாலாம் பகுதியில் நான் திரும்ப வருவதாகச் சொன்ன வரிக்கு வருகிறேன். ஸ்பேனரின் பின்னூட்டம் "நீக்கப்பட்டது" என்று எழுதினேன். யார் நீக்கியது என்று எழுதவில்லை. முதல் வரைவில், கை பழக்கத்தில் என்னையறியாமல் நீக்கிவிட்டதாக எழுதியிருந்தேன். அதுவும் பொய். வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, கடைசி வரி வரை படித்து, முகம் வெளுத்து, பக்கத்து மேசைக்காரருக்கு ஒன்றுமில்லை என்று பதில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு நீக்கினேன். "கேள்விக்குத் தொடர்பில்லாதது" என்று காரணமும் போட்டேன். வேறு யாரும் அதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறக்கக் கூடாது என்று பயந்தேன். அந்தப் பெண் என்ன ஆனார் என்று பயந்தது அதற்கும் பிறகுதான். எந்த வரிசையில் பயந்தேன் என்பது முக்கியம்.

முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வாசகர் கையில் கொடுப்பது இந்த மாதிரிக் கதைகளில் ஒரு சாமர்த்தியம். எனக்கு அந்தச் சாமர்த்தியமும் இல்லை. முடிவு என்னிடமே இல்லை, கண்ணாடிக் கடைக்காரரிடம் இருக்கிறது. உங்களிடம் தர என்னிடம் இருப்பது அந்தப் பெண்ணின் பதிவு மட்டும். தளத்தில் அதை முழுசாக வைக்க விட மாட்டேன் என்கிறார்கள். இங்கே யாருக்கும் திருத்தும் உரிமை கிடையாது, எனக்கும் சேர்த்து. இவ்வளவு நேரம் இந்தக் கதையை எழுதியது இதை வைக்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான்.

கேள்விக்குறியைத் தேடாதீர்கள். முதல் வரியிலிருந்து படியுங்கள்.

9

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க புதுசு. எப்படிக் கேக்கணும்னு சரியாத் தெரியல, தப்பா இருந்தா பொறுத்துக்குங்க. எனக்கு எதையும் சுருக்கமா சொல்ல வராது. வீட்டுல நான் பேச ஆரம்பிச்சா எங்க வீட்டுக்காரர் விஷயத்துக்கு வா விஷயத்துக்கு வான்னுவாரு, விஷயத்துக்கு வர்றதுக்குள்ள எழுந்து போயிடுவாரு. அதனாலதான் இங்க எழுதறேன், எழுதினா யாரும் எழுந்து போக முடியாதுல்ல.

நாங்க நாலாவது மாடியில இருக்கோம். கீழ மூக்குக்கண்ணாடிக் கடை. பஸ் திரும்புற முனைங்கிறதால நாள் முழுக்க சத்தம்தான். பாத்ரூம்ல ஒரு கேஸ் ஹீட்டர் இருக்கு, நாங்க குடி வர்றதுக்கு முன்னாடியே மாட்டினது. அந்த ஹீட்டருக்கு மேல டைல்ஸ் வெள்ளை, ஓரத்துல நீலப் பூ. அதுல மூணு மாசமா கரி படியுது. துடைச்சாப் போகுது, நாலு நாள்ல திரும்ப வந்துடுது. முன்னாடி இப்படி இல்ல. முன்னாடி ஹீட்டர்ல தீ நீலமா எரியும், இப்ப மஞ்சளா ஆடிக்கிட்டே எரியுது, பாக்க அழகாத்தான் இருக்கு. குளிர் காத்து மாமியாருக்கு ஆகலைன்னு ஜன்னல்ல அட்டை வச்சு டேப் போட்டு ஒட்டிட்டோம்.

மாமியார் போன வாரம் குளிச்சிட்டு வெளிய வந்தவங்க கதவுகிட்டயே உக்காந்துட்டாங்க. கூப்பிட்டா பதில் இல்ல. டாக்டர் வயசுதான் காரணம்னு சத்து மாத்திரை குடுத்தாரு. அவங்க என்கிட்ட தனியா சொன்னாங்க, அந்த ரூமுக்குள்ள போனா தூக்கம் தூக்கமா வருதும்மான்னு. ஹீட்டர் சத்தம் தாலாட்டு மாதிரி இருக்கோ என்னமோன்னு ரெண்டு பேரும் சிரிச்சோம்.

இப்ப அவசரம் என்னன்னா அடுத்த வாரம் எங்க அக்கா வர்றா, பத்து நாள் தங்கப் போறா. அவ கண்ணுக்கு எந்த அழுக்கும் தப்பாது. சின்ன வயசுல என் சீப்பைக்கூட எடுத்துப் பாத்துட்டுத்தான் பள்ளிக்கூடம் அனுப்புவா. வந்ததும் ஹீட்டரைப் பாத்துட்டு, இதான் நீ வீடு வச்சிருக்கிற லட்சணமான்னு எல்லார் முன்னாடியும் கேட்டுடுவா. அவ வர்றதே எனக்காகத்தான், எனக்கு இப்ப கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல. அவ திட்டாம ஒரு நாளாவது இருக்கணும்னு ஆசையா இருக்கு. அதனால டைல்ஸ்ல படிஞ்ச கரியை சுத்தமா நீக்கறது எப்படி?

இன்னொண்ணு, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு தெரியல. ஹீட்டர் போட்டுக் குளிச்ச அன்னைக்கு எனக்கும் தலை வலிக்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு. வேலைக்குப் போய் ஒரு மணி நேரத்துல சரியாயிடுது, வீட்டுலயே இருக்கற லீவு நாள்ல மட்டும் சரியாகறதே இல்ல. ஹீட்டர் போடாத அன்னைக்கு ஒண்ணுமே இல்ல. இதைத் தனிக் கேள்வியாப் போடணுமா, இல்ல இதுலயே கேக்கலாமா?